எடை குறைக்க நீர் மாத்திரை வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிருங்க

மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல நிக்கிற எங்ககிட்ட கல்யாண சீசன் வந்தாலே நிறைய பேர் கேக்குற விஷயம் இது, "அக்கா, உடம்பு வத்துறதுக்கு ஒரு தண்ணி மாத்திரை இருக்காமே, அதுல ஒரு அட்டை குடுங்க"ன்னு. சில பேர் போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுவாங்க, சில பேர் வீட்ல தாத்தாவுக்கு ஹார்ட்டுக்குக் குடுத்த அட்டையோட ஓரத்தைக் கிழிச்சு எடுத்துட்டு வருவாங்க. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்க மாட்டோம்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுறாங்க, அதனால குடுக்க மாட்டேன்னு சொல்றதோட நிறுத்தாம ஏன், அப்போ என்னதான் பண்றதுன்னு முழுசா எழுதி வெச்சிடலாம்னுதான் இது. புதுசா எடை குறைக்க ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி பிரச்சினை, கல்லீரல் கெட்டு வயித்துல தண்ணி கோத்துக்கிட்டவங்க, பிபி இருக்கறவங்க, இவங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுத்து நீங்க நீர் மாத்திரை போட்டுட்டு இருந்தீங்கன்னா இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. உங்களுக்கு அது உயிர் காக்குற மருந்து. நான் பேசுறது ஒல்லியாகணும்ங்கிற ஒரே காரணத்துக்காக போடுறவங்களைப் பத்தி.

அந்த மாத்திரை உள்ள போய் என்ன பண்ணுது

நம்ம ஊர்ல அதிகமா புழங்குறது ஃப்யூரோசமைடு, லாசிக்ஸ்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அடுத்து டார்செமைடு, டைட்டார்ங்கிற பேர்ல வரும். பிபிக்குக் குடுக்குற ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் இதெல்லாமும் நீர் மாத்திரைதான், பாதி நேரம் வேற பிபி மருந்தோட சேர்ந்தே ஒரே மாத்திரையா வரும், அதனால போடுறவங்களுக்கே அதுல நீர் மாத்திரை இருக்குன்னு தெரியாது. ஸ்பைரோனோலாக்டோன்னு இன்னொண்ணு, அது பொட்டாசியத்தை உடம்புலயே பிடிச்சு வெக்கிற வகை.

கிட்னி ரத்தத்தை வடிகட்டுறப்ப முதல்ல உப்பையும் தண்ணியையும் வெளிய விட்டுட்டு, அப்புறம் அதுல பெரும்பகுதியைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். நீர் மாத்திரை அந்தத் திரும்ப இழுக்குற வேலையைத் தடுக்குது, உப்பு வெளிய போகும், உப்பு கூடவே தண்ணியும் போகும். ஃப்யூரோசமைடு போட்டா அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்ரூமுக்கு ஓட ஆரம்பிப்பீங்க, ஆறு எட்டு மணி நேரம் வரைக்கும் அது வேலை செய்யும். இந்த மொத்த வேலையிலயும் கொழுப்புங்கிற பேச்சே இல்ல. தொப்பையில இருக்கறது, தொடையில இருக்கறது எதையும் அது தொடாது.

ஆனா மெஷின்ல ஏறி நின்னா முள்ளு இறங்கியிருக்கும், அதுதான் ஆளை ஏமாத்துது. 1 லிட்டர் தண்ணின்னா 1 கிலோ. ஒன்றரை லிட்டர் கூடுதலா போச்சுன்னா ஒன்றரை கிலோ குறைஞ்ச மாதிரி காட்டும். அதே 1 கிலோ கொழுப்பு கரையணும்னா உடம்பு சுமார் 7700 கலோரி செலவு பண்ணணும். சாதாரணமா ஒரு ஆளு நாள் முழுக்க சாப்பிடுறதே 2000 கலோரி பக்கம்தான், அப்போ ஒரு ராத்திரியில ஒரு கிலோ கொழுப்பு கரையறது நடக்குற காரியமான்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம மல்யுத்த வீரர் அமன் ஷெராவத் வெண்கலப் பதக்க மேட்சுக்கு முன்னாடி சுமார் பத்து மணி நேரத்துல 4.6 கிலோ குறைச்சாருன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு ஞாபகம் இருக்கா? ராத்திரி முழுக்க சுடுதண்ணி குளியல், ட்ரெட்மில், ஆவி அறைன்னு வியர்வையா வெளியேத்தினது. அது முக்காவாசி தண்ணிதான், மறுநாள் சாப்பிட்டு தண்ணி குடிச்சதும் திரும்ப வந்துடும், அவருக்கு அந்த ஒரு காலையில 57 கிலோ பிரிவுக்குள்ள நிக்கணும் அவ்வளவுதான் தேவை. அதுவும் பயிற்சியாளருங்க பக்கத்துலயே இருந்து பண்ணது. நமக்குத் தேவை அது இல்லையே, நமக்கு அடுத்த வருஷமும் அந்த எடையிலயே இருக்கணும்.

விளையாட்டு உலகத்துல நீர் மாத்திரைக்குத் தடையே இருக்கு, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட பட்டியல்ல இருக்கு. சட்டுனு எடையைக் குறைச்சுக் காட்டலாம், யூரினை நீர்த்துப்போக வெச்சு வேற மருந்து போட்டதை மறைக்கலாம், அதனாலதான். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஷேன் வார்னே 2003 உலகக் கோப்பையில ஒரு பந்து கூட போடாம தென்னாப்பிரிக்காவுல இருந்து வீட்டுக்குத் திரும்பினது நீர் மாத்திரையாலதான், ஒரு வருஷம் தடை. பார்க்க ஒல்லியா தெரியட்டும்னு அம்மா குடுத்த மாத்திரைன்னு அவரே சொன்னாரு. அவ்வளவு பெரிய ஆளு வீட்லயே இந்த மாத்திரை எடை குறைக்குற மாத்திரையா சுத்தியிருக்கு, அப்போ நம்ம வீட்ல சுத்துறதுல ஆச்சரியமே இல்ல.

நிறுத்தினதும் ஏன் முன்னைய விட ஊதிப்போகுது

இந்த இடத்துலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். உடம்புல தண்ணி குறையுதுன்னு தெரிஞ்சதும் கிட்னியும் அட்ரினல் சுரப்பியும் சேர்ந்து உப்பை விடாதே, தண்ணியை விடாதேன்னு ஹார்மோனைக் கூட்டும். மாத்திரை போடுற வரைக்கும் மாத்திரை ஜெயிக்கும். ஒரு நாள் நிறுத்தினா அந்த ஹார்மோன் மட்டும் தனியா நின்னு வேலை செய்யும், சாப்பிடுற உப்பு, குடிக்கிற தண்ணி எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கும், கால் வீங்கும், மூஞ்சி உப்பும், மோதிரம் கழட்ட வராது. மெஷின்ல பார்த்தா ரெண்டு கிலோ ஏறியிருக்கும். உடனே என்ன தோணும்? ஐயோ மாத்திரையை விட்டதும் குண்டாயிட்டேன்னு தோணும், மறுபடி போடுவாங்க, இந்த தடவை ஒண்ணுக்கு ரெண்டா. இப்படியே வருஷக் கணக்குல விட முடியாம இருக்கறவங்க இருக்காங்க. வீக்கத்துக்குக் காரணமே அந்த மாத்திரைதான், அதுக்கு வைத்தியமும் அதே மாத்திரைதான்னு ஆயிடுது.

ஆபத்து எங்க இருக்கு

தண்ணி கூட பொட்டாசியம், சோடியம், மெக்னீசியம் எல்லாம் போகும். ரத்தத்துல பொட்டாசியம் 3.5ல இருந்து 5க்குள்ள இருக்கணும், அதுக்குக் கீழ போக ஆரம்பிச்சா கெண்டைக்கால் ராத்திரியில பிடிச்சு இழுக்கும், கை கால் அசந்து போகும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினா இதயத் துடிப்போட தாளமே மாறிப் போகும், அதுல உயிரே போகலாம். ஜிம் பசங்க இதைக் கண்டிப்பா கவனிங்க, மேடை ஏறுறதுக்கு முன்னாடி தோல் ஒட்டி மசில் தெரியணும்னு தண்ணியும் குடிக்காம இந்த மாத்திரையும் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க, திரும்பி வராதவங்க உலகம் முழுக்க இருக்காங்க.

சோடியம் குறைஞ்சா தலைவலி, குமட்டல், ஆளு குழப்பமா பேசுறது, மோசமா போனா வலிப்பு. வயசானவங்களுக்கு இது சீக்கிரம் வரும். யூரிக் ஆசிட் ஏறி கால் கட்டைவிரல் நெருப்பா எரியுற கௌட் வரும், சில வகை மாத்திரையில சுகரும் ஏறும். சட்டுனு எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வரும், பாத்ரூம்ல விழுந்து இடுப்பு உடைஞ்சுக்கிறதும் இதனாலதான்.

நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கோங்க. கத்திரி வெயில்ல பஸ்ல நின்னு போயிட்டு வந்தாலே சட்டை நனையுது, ஏற்கனவே வியர்வையில உப்பும் தண்ணியும் போகுது, அதுக்கு மேல மாத்திரை போட்டு இன்னும் வெளியேத்தினா கிட்னிக்கு ரத்தம் போறதே குறையும்.

இன்னொரு கூட்டணி இருக்கு, அதை எழுதாம விட முடியாது. டெல்மிசார்டான், லோசார்டான், எனாலாப்ரில் மாதிரி பிபி மாத்திரை போடுறவங்க, கூடவே மூட்டு வலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுப்ரொஃபென்னு வலி மாத்திரை போடுறவங்க, அது மேல ஒரு நீர் மாத்திரையையும் சேர்த்தா மூணும் மூணு பக்கம் இருந்து கிட்னியை அடிக்கும். நாலு நாள்ல கிரியாட்டினின் ஏறிடலாம், கிட்னி சரியா வேலை செய்யுதான்னு ரத்த டெஸ்ட்ல காட்டுற அளவு அது. இதய நோய்க்கு டிகாக்ஸின் போடுறவங்க, மனநல சிகிச்சைக்கு லித்தியம் போடுறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்குறவங்க, டாக்டர் சொல்லாம இந்தப் பக்கமே வரக்கூடாது. அட்டையில சிவப்புக் கோடு போட்டிருக்கறது சும்மா இல்ல, டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதேன்னு அர்த்தம்.

சரி, இப்போ என்ன செய்யணும்னு ஒவ்வொரு படியா பார்க்கலாம்.

படி 1: ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா

ஒண்ணு ரெண்டு மாத்திரைதான் போட்டிருக்கீங்க, உடம்புக்கும் ஒண்ணும் இல்லைன்னா இதோட நிறுத்துங்க, தாகத்துக்குத் தண்ணி குடிங்க, வழக்கமான சாப்பாடு சாப்பிடுங்க. பயந்துபோய் ஒரே மூச்சுல மூணு லிட்டர் வெறும் தண்ணியை உள்ள தள்ளாதீங்க, ஏற்கனவே சோடியம் குறைஞ்ச உடம்புல அது இன்னும் குறையும். வெயில்ல ஓடாதீங்க.

மாசக் கணக்குல போட்டிருந்தா நீங்களா டக்குனு நிறுத்தாம ஒரு ஜெனரல் டாக்டர்கிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க. அவர் திட்டினாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க. ரத்தத்துல சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின் பார்ப்பாங்க, ஒரு ஈசிஜி எடுப்பாங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துறதா, எப்படின்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. நிறுத்தின பிறகு வர்ற வீக்கம் ஒண்ணு ரெண்டு வாரத்துல, சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள்ல வடியும், அது கொழுப்பு இல்லைங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. எல்லாரும் சொல்றாங்களேன்னு இளநீரும் வாழைப்பழமுமா அடுக்காதீங்க, கிட்னி பிரச்சினை இருந்தாலோ ஸ்பைரோனோலாக்டோன், டெல்மிசார்டான் மாதிரி மாத்திரை போட்டாலோ பொட்டாசியம் ஏறியும் ஆபத்தாகும். டெஸ்ட் ரிசல்ட் பார்த்துட்டு டாக்டர் சொல்றதுதான்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு நிக்காம இருக்கறது, ஆளு குழம்பிப் பேசுறது, யூரினே வராம போறது, இதுல எது இருந்தாலும் 108க்கு போன் பண்ணுங்க.

சாப்பிட்டா குற்ற உணர்ச்சி வந்து வாந்தி எடுக்குறது, பேதி மாத்திரை, நீர் மாத்திரைன்னு மாத்தி மாத்திப் போடுறது, ஒல்லியா இருந்தும் கண்ணாடியில குண்டா தெரியுறது, இப்படி இருந்தா அது எடைப் பிரச்சினை கிடையாது, மனசுக்கு உதவி வேணும். 14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச எண், தமிழ்லயே பேசலாம். வீட்ல ஒரு பொண்ணோ பையனோ இப்படி இருந்தா கிண்டல் பண்ணாம கூட உக்காந்து போன் போட்டுக் குடுங்க.

படி 2: உங்களுக்கு இருக்கறது நீரா கொழுப்பான்னு பாருங்க

இதைப் பார்க்காமலே பாதிப் பேர் மாத்திரைக்குப் போறாங்க. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல முன்னெலும்பு மேல கட்டைவிரலை வெச்சு பத்து எண்ணுற வரைக்கும் அழுத்துங்க, எடுத்ததும் குழி அப்படியே நின்னா அங்க நீர் கோத்திருக்கு. குழி விழலைன்னா பெரும்பாலும் அது கொழுப்போ சதையோதான், நீர் மாத்திரைக்கு அங்க வேலையே இல்ல.

குழி விழுந்தா? அப்பவும் மாத்திரை வாங்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க, ஏன்னா நீர் கோக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கணும். படுத்தா மூச்சு முட்டுதா, இதயமா இருக்கலாம். காலையில மூஞ்சி உப்பி, யூரின் நுரை நுரையா போகுதா, கிட்னியைப் பார்க்கணும். ரத்தசோகை, தைராய்டு, கல்லீரல் எல்லாமே வரிசையில இருக்கு. ஒரே ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, ரத்தக்கட்டி அடைச்சிருக்கலாம்.

நான் கவுன்டர்ல அடிக்கடி பார்க்குற ஒண்ணு, பிபிக்கு அம்லோடிபின் போடுறவங்க கணுக்கால் வீங்கிப்போச்சுன்னு நீர் மாத்திரை கேட்டு வருவாங்க. அந்த வீக்கமே அம்லோடிபினோட பக்கவிளைவு, நீர் மாத்திரைக்கு அது சரியா வடியாது, டோஸைக் குறைச்சோ மருந்தை மாத்தியோதான் சரி பண்ணணும், எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாலே போதும். ஒரு மருந்தோட தொல்லைக்கு இன்னொரு மருந்து, அதோட தொல்லைக்கு வேறொண்ணுன்னு போயிட்டே இருக்கறதை இங்கயே நிறுத்தலாம்.

பெண்களுக்கு பீரியட்ஸ் வர்றதுக்கு முந்தின நாலஞ்சு நாள் ஒரு கிலோ, சிலருக்கு ரெண்டு கிலோ வரைக்கும் ஏறும், வந்ததும் இறங்கும். அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்.

படி 3: சரியா அளங்க

காலையில எழுந்து யூரின் போயிட்டு, எதுவும் சாப்பிடாம குடிக்காம, ஒரே மெஷின்ல, ஒரே மாதிரி லேசான துணியில நில்லுங்க. தினமும் பார்த்தா பாருங்க, ஆனா அந்த ஒரு நாள் நம்பரை நம்பாதீங்க, ஏழு நாள் நம்பரைக் கூட்டி வகுத்து அந்த சராசரியைப் போன வார சராசரியோட ஒப்பிடுங்க. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் சர்வ சாதாரணம், முந்தின நாள் கல்யாண சாப்பாடும் ஊறுகாயும் அப்பளமும் செய்யுற வேலை.

டேப் வெச்சு தொப்புள் பக்கம் இடுப்பையும் அளங்க. ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ, நம்ம மக்களுக்கு அதுக்கு மேல போனா சுகர், இதய நோய் ஆபத்து கூடுதுன்னு வெச்சிருக்காங்க. பிஎம்ஐயும், அதாவது உயரத்துக்கு ஏத்த எடைதானான்னு பார்க்குற கணக்கு, நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடல்பருமன். 160 செ.மீ உயரம்னா 59 கிலோ வரைக்கும் சரி, 64க்கு மேல போனா கவனிச்சே ஆகணும். இதுக்குக் கீழ இருந்துட்டு மாத்திரை தேடுறவங்களும் வர்றாங்க, அவங்க குறைக்கவே வேண்டாம்.

எவ்வளவு குறைக்கணும்னா, முதல் இலக்கா, இப்போ இருக்குற எடையில 5 சதவீதம் வைங்க. 80 கிலோன்னா 4 கிலோ. அதுக்கே பிபி, சுகர்ல வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினா ஒரு கிலோ, அதுக்கு மேல வேகமா யாராவது உத்தரவாதம் குடுத்தா பக்கத்துலயே போகாதீங்க.

படி 4: உப்பைக் கொஞ்சம் பிடிங்க

நீர் மாத்திரையை வெச்சு நீங்க வெளியேத்த நினைச்சதை உப்பைக் குறைச்சாலே உடம்பு தானா விடும். ஆஸ்பத்திரியில ஏத்துற சாதாரண சலைன்ல 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு, உடம்புத் தண்ணியும் கிட்டத்தட்ட அந்த உப்புக் கணக்குலதான் இருக்கு. அப்போ கூடுதலா 4, 5 கிராம் உப்பு உள்ள போச்சுன்னா அதைச் சமன் பண்ண அரை லிட்டர் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அரை கிலோ ஏறும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ, அதாவது எல்லா வேளையும் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி. நம்ம சாப்பாட்டுல சாம்பார்ல உப்பு, பொரியல்ல உப்பு, சாதத்துல சிலர் உப்பு, அது மேல அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, சாயங்காலம் மிக்சர்னு போனா சுலபமா அதைத் தாண்டிடுவோம்.

சாதத்துலயும் சப்பாத்தி மாவுலயும் உப்பு போடுறதை முதல் வாரம் நிறுத்துங்க, யாருக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. ஊறுகாயும் அப்பளமும் ஒரே வேளையில வேண்டாம், ஏதாவது ஒண்ணு. மோர்ல உப்புக்குப் பதிலா இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி தட்டிப் போடுங்க. வெயில்ல உழைக்கிறவங்க மட்டும் ஒரேயடியா குறைக்காதீங்க.

படி 5: தட்டை மாத்துங்க

டயட்னு சொன்னதும் ஓட்ஸ், கிவி பழம்னு ஓட வேண்டாம். நம்ம மதிய சாப்பாட்டுத் தட்டைப் பாருங்க, முக்கால் தட்டு சாதம், ஓரத்துல ஒரு கரண்டி பொரியல். அதைத் திருப்பணும். முதல்ல பாதித் தட்டுக்கு பொரியல், கூட்டு, கீரைன்னு வெச்சுக்கோங்க, கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி இதுல ஏதாவது, மீதி கால் தட்டுக்கு சாதம். சாதம் வேணும்னா அப்புறம் இன்னொரு கரண்டி போட்டுக்கலாம்னு வைங்க, காயும் பருப்பும் சாப்பிட்டு முடிச்ச பிறகு பெரும்பாலும் தேவைப்படாது.

புரதத்தை விட்டுடாதீங்க, இதுலதான் நம்ம ஊர் சாப்பாடு ரொம்ப வீக். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் பக்கம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம், ஒரு கப் தயிர்ல 6 கிராம் மாதிரி, ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல்ல 12 கிராம் போல. காலையில நாலு இட்லி சட்னியோட நிறுத்தினா பதினோரு மணிக்கே பசிக்கும், ரெண்டு இட்லி, நிறைய காய் போட்ட சாம்பார், ஒரு முட்டைன்னு மாத்திப் பாருங்க. எடை குறையுறப்ப புரதம் பத்தலைன்னா கொழுப்போட மசிலும் கரையும்.

சர்க்கரையும் எண்ணெயும்தான் சத்தமே இல்லாம உள்ள போறது. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளைக்கு நாலு டீ குடிக்கிறீங்கன்னா 8 ஸ்பூன், 40 கிராம், 160 கலோரி. மாசத்துக்கு 4800 கலோரி, கணக்குப்படி அரை கிலோ கொழுப்புக்கு மேலயே ஆச்சு, வெறும் டீ சர்க்கரையில மட்டும். வாரத்துக்கு கால் ஸ்பூனா குறைச்சுட்டே வாங்க, நாக்கு பழகிடும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி, பாட்டில்ல இருந்து சாய்ச்சு ஊத்தாம ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க, இந்த ஒரு பழக்கத்தை மட்டும் வீட்ல சமைக்கிறவங்ககிட்ட கெஞ்சிக் கேட்டாவது கொண்டு வாங்க. பரோட்டா ஒண்ணே எண்ணெயைப் பொறுத்து 250ல இருந்து 300 கலோரி வரும், மாசத்துக்கு ஒரு நாள் ஆசைக்கு சாப்பிடுங்க, ராத்திரி டிபனா வாரம் மூணு நாள் வேண்டாம்.

ராத்திரி சாப்பாடே சாப்பிடாம படுக்குறது, ரெண்டு நாள் ஜூஸ் மட்டும் குடிக்கிறது இதெல்லாம் வேண்டாம். மாவுச்சத்தை ஒரேயடியா நிறுத்தினா முதல் வாரம் ரெண்டு கிலோ இறங்கும், அதுவும் பெரும்பாலும் தண்ணிதான், கல்லீரல்லயும் மசில்லயும் சேர்த்து வெச்ச சர்க்கரை, ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணியோட இருக்கும், அது கரையுறப்ப தண்ணியும் சேர்ந்து போகுது. முதல் வார நம்பரைப் பார்த்து துள்ளவும் வேண்டாம், ரெண்டாவது வாரம் இறங்கலைன்னு உடையவும் வேண்டாம்.

படி 6: நடங்க, கொஞ்சம் எடையும் தூக்குங்க

வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள் அரை மணி நேரம். வேகம் எப்படின்னா பேச முடியணும், பாட முடியக்கூடாது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலையிலயோ, சாயங்காலம் மொட்டை மாடியிலயோ. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து நடப்போம் நலம் பெறுவோம்னு மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிச்சு வெச்சிருக்காங்க, உங்க ஊர்ல எதுன்னு விசாரிச்சுப் போங்க, முழுசா நடக்கணும்னு இல்ல. அரை மணி வேக நடையில 120, 150 கலோரிதான் போகும், அதனால நடந்துட்டு வர்ற வழியில ரெண்டு வடை சாப்பிட்டா கணக்கு சரியாயிடும்.

வாரத்துக்கு ரெண்டு நாள் மசிலுக்கு வேலை குடுங்க. நாற்காலியில உக்காந்து கை ஊணாம எழுந்திருக்கிறது பத்து தடவை, சுவத்துல கை வெச்சு தள்ளுறது பத்து தடவை, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு கையில பிடிச்சு தூக்குறது. வீட்டு வேலையே போதுமேன்னு அம்மாங்க சொல்வாங்க, அதுவும் நல்லதுதான், ஆனா இதுக்கு ஈடாகாது.

தூக்கத்தையும் பாருங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பார்த்தா மறுநாள் பசி எக்குத்தப்பா எடுக்கும்.

படி 7: பத்து நாள்ல ஃபங்ஷன்னா

பத்து நாள்ல கொழுப்பு பெருசா கரையாது, ஒரு கிலோ குறைஞ்சாலே நல்ல விஷயம். ஆனா உப்பசம் குறையும். உப்பைக் குறைங்க, பாக்கெட் தின்பண்டம், சோடா, கூல்டிரிங்ஸ் நிறுத்துங்க, தண்ணியைக் குறைக்காம வழக்கம் போல குடிங்க, ராத்திரி சீக்கிரம் சாப்பிடுங்க, மலச்சிக்கல் இல்லாம கீரை, பழம் சேர்த்துக்கோங்க. வயிறு தட்டையாகி இடுப்பு ஓரளவு இறங்கும். ட்ரெஸ் அளவை இப்போ இருக்குற உடம்புக்கே எடுங்க. முகூர்த்தம் அன்னைக்கு மணமேடையில புகை, லைட் சூடு, பட்டுத் துணி, காலையில இருந்து சரியா சாப்பிடாம இருக்குற உடம்பு, அதுல நீர் மாத்திரையும் போட்டிருந்தா மயங்கி விழ அதிக நேரம் ஆகாது.

படி 8: மூலிகைன்னு வர்றதையும் இதே கண்ணால பாருங்க

வாழைத்தண்டு பொரியல், சுரைக்காய் கூட்டு, பார்லி கஞ்சி எல்லாம் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்க, கலோரி கம்மி, வயிறு நிறையும். அதையே லிட்டர் கணக்குல சாறா குடிச்சு நீர் இறக்கிப் பார்க்காதீங்க, யூரின் அதிகமா போனாலும் குறையறது அதே தண்ணிதான்.

பேர் தெரியாத ஹெர்பல் ஸ்லிம்மிங் கேப்சூல் இன்னும் மோசம். 2008 டிசம்பர்ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை, எடை குறைக்கன்னு விக்கிற பொருட்கள்ல லேபிள்ல சொல்லாம மருந்து கலந்திருக்குன்னு ஒரு எச்சரிக்கைப் பட்டியலே விட்டாங்க, அதுல சிபுட்ரமைன்னு ஒரு பசி அடக்கும் மருந்து, பியூமெட்டனைடுன்னு ஒரு பலமான நீர் மாத்திரை எல்லாம் இருந்துச்சு. சிபுட்ரமைன் இதயத்துக்கு ஆபத்துன்னு 2010ல அங்க சந்தையில இருந்தே எடுத்துட்டாங்க. கூரியர்ல வர்ற கேப்சூல்ல ரெண்டே நாள்ல ரெண்டு கிலோ குறையுது, பாத்ரூம் அடிக்கடி போகுதுன்னா உள்ள என்ன இருக்கும்னு யோசிங்க.

படி 9: மூணு மாசம் ஒழுங்கா பண்ணியும் நகரலைன்னா

அப்போ டாக்டர்கிட்ட போங்க. தைராய்டு, சுகர், பீரியட்ஸ் ஒழுங்கா வராதவங்களுக்கு பிசிஓஎஸ்ங்கிற ஹார்மோன் பிரச்சினை இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ஸ்டீராய்டு, சில மனநல மருந்து, இன்சுலின் இதெல்லாம் எடையைக் கூட்டும், அதையும் கேளுங்க. குறட்டை பலமா விட்டு பகல்ல தூங்கி வழியுறீங்கன்னா அதைக் கண்டிப்பா சொல்லுங்க. உண்மையிலயே மருந்து தேவைப்படுற அளவுக்கு எடை இருந்தா அதுக்குன்னே அங்கீகரிச்ச மருந்துகள் இருக்கு, ஆர்லிஸ்டாட் இருக்கு, இப்போ 2025ல இருந்து டிர்செபடைடு, செமாக்ளூடைடு ஊசிகள் எடை குறைக்கவே நம்ம நாட்டுல வந்திருக்கு. அதுக்கும் பக்கவிளைவு உண்டு, டாக்டர் மேற்பார்வை இல்லாம தொடக்கூடாது, ஆனா அந்தப் பட்டியல்ல நீர் மாத்திரை எங்கயும் கிடையாது.

போறப்ப நீங்க போடுற எல்லா மாத்திரை அட்டையையும், ஆயுர்வேதம் சித்தான்னு குடிக்கிற பாட்டிலையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அட்டையோட பேர் இருக்குற பக்கத்தைக் கிழிக்காம வைங்க, கூடவே நாலு வாரம் எழுதின எடை, இடுப்பு அளவு நோட்டையும் காட்டுங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபியும் சுகரும் காசு இல்லாமலே பார்க்குறாங்க, கிளினிக் போக வசதி இல்லைன்னா முதல்ல அங்க போங்க.